கேளிக்கை வளாகம் வேண்டாமா? முதலில் ஒரு டேப் வாங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இது: தாம்பரம் மாநகராட்சிக்குள் ஒரு குடியிருப்புப் பகுதி. நாலு ஏக்கர் காலி இடத்தில் எட்டுத் திரை மல்டிபிளக்ஸ், பவுலிங், குழந்தைகள் விளையாட்டுக்கூடம், சாப்பாட்டுக் கடைகள், மொட்டை மாடியில் விழா அரங்கம் என்று ஒரு கேளிக்கை வளாகம் வரப்போவதாகப் போர்டு வைத்துவிட்டார்கள். நலச்சங்கம் கூடி, எதிர்ப்பது என்று முடிவெடுத்து, 600 கையெழுத்து வாங்கியாயிற்று. கவுன்சிலர், "அது தனியார் இடம், நான் என்ன பண்ண முடியும்" என்று கைவிரிக்கிறார். நிறுத்த முடியுமா, முடியாதா?

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் பில்டர்களுக்காக வரைபடம் போட்டு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு, கட்டட அனுமதி தரும் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இருக்கும் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் ஏறி இறங்கியவன். அதாவது உங்கள் எதிர்த்தரப்பு ஆள். அதனால் எந்த மனுவைப் பார்த்து பில்டர் சிரிப்பார், எந்த மனுவைப் பார்த்து அவருக்கு வியர்க்கும் என்பது ஓரளவு தெரியும்.

600 கையெழுத்தைப் பார்த்தால் சிரிப்பார்.

கோபப்படாதீர்கள். பல வருடம் முன்பு, இதே தென்புறநகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான் ஃபைல் போட்டேன். தெருக்காரர்கள் கூடினார்கள். ஊர்வலம், பேனர், 400 பேர் கையெழுத்து. மனு முழுக்க 'எங்கள் அமைதி கெடும்', 'எங்களுக்கு இது தேவையில்லை' என்று இருந்தது. அலுவலகத்தில் அதை ஃபைலில் கோத்து, 'பார்வையிடப்பட்டது' என்று குறிப்பு எழுதி மூடினார்கள். அடுத்த வாரம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தனியாக வந்தார். தெருவின் அகலத்தைப் பன்னிரண்டு இடத்தில் டேப் வைத்து அளந்து, ஒரு கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மண்டபத்து வாசலில் நான் காட்டிய அகலம் சரிதான். தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் அந்த அகலம் இல்லை, ஒரு மீட்டருக்கு மேல் குறைந்தது. அந்த ஒற்றைத் தாள் என் ஃபைலை எட்டு மாதம் நிறுத்தி வைத்தது. கடைசியில் ஒரு தளத்தைக் குறைத்து, வாசலை மெயின் ரோடு பக்கம் திருப்பிய பிறகுதான் நகர்ந்தது. அந்த வாத்தியார் மேல் எனக்கு அப்போது பயங்கர எரிச்சல். இப்போது மரியாதை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'வேண்டாம்' என்பது சட்டத்தின் கண்ணில் ஆட்சேபமே இல்லை. அவருடைய இடம், விதிப்படி கட்டினால் கட்டலாம். ஆகவே, எந்த விதியை அந்த வளாகம் மீறப்போகிறது அல்லது எந்த விதியை ஒட்டி நழுவப் பார்க்கிறது என்று தேடுங்கள்.

முதல் வேலை, சர்வே எண். அது கையில் இல்லாமல் எந்த மனுவும் எழுதாதீர்கள். சர்வே எண் தெரிந்தால் சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது பெருந்திட்டத்தில் அந்த நிலம் எந்த உபயோகத்தில் வருகிறது என்று பார்க்கலாம். 2008இல் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம், திறந்தவெளி என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு முத்திரை இருக்கும். உங்கள் நாலு ஏக்கர் முதன்மைக் குடியிருப்பிலோ விவசாயத்திலோ இருந்தால், அவர்கள் முதலில் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். பொதுமக்களிடம் ஆட்சேபம் கேட்டு நாளிதழில் விளம்பரம் வருவது இந்தக் கட்டத்தில்தான். எந்தப் பேப்பரில், எந்த மூலையில் வரும் என்பது வேறு கதை. சங்கத்தில் யாராவது ஒருவர் தினமும் பேப்பர் முழுவதையும் புரட்ட வேண்டும், டெண்டர் பக்கம் உட்பட. அந்த விளம்பரத்தில் சொன்ன நாளுக்குள் போகும் ஒரு பக்க ஆட்சேபம், அதற்குப் பிறகு போகும் நூறு மனுவுக்குச் சமம்.

நிலம் ஏற்கெனவே வணிக உபயோகத்தில் இருந்தால் நிலைமை வேறு. திட்ட அனுமதி கொடுக்கும்போது அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை. இது பலருக்குத் தெரியாது. 'எங்களைக் கேட்காமல் எப்படி' என்று சண்டைக்குப் போகிறார்கள். கேட்க மாட்டார்கள், அதுதான் விதி. நல்ல விதி என்று நான் சொல்லவில்லை.

அடுத்தது, பலரும் தவறவிடும் எண்: 20,000. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால், 2006ஆம் வருடச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் கீழ் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்திடம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். நாலு ஏக்கர் என்பது சுமார் 16,000 சதுர மீட்டர் நிலம். அதில் எட்டுத் திரையும் கடைகளும் அடித்தள பார்க்கிங்கும் என்றால் 20,000 தாராளமாகத் தாண்டும். ஆனால் ஃபைலில் 19,800, 19,900 என்று நிற்கும். நிறுத்துவது என்னைப் போன்ற ஆட்கள்தான். எஃப்.எஸ்.ஐ., அதாவது நிலப்பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கில் பார்க்கிங் தளம் சேராது. சுற்றுச்சூழல் அனுமதிக் கணக்கில் அடித்தளமும் சேவைப் பகுதிகளும் சேரும். இரண்டும் வேறு வேறு கணக்கு. எஃப்.எஸ்.ஐ. பரப்பை எழுதிவிட்டு, 'பார், 20,000க்குக் கீழே' என்று காட்டுவது பழைய வித்தை. 'முதல் கட்டம்', 'இரண்டாம் கட்டம்' என்று ஒரே வளாகத்தை இரண்டு ஃபைலாக உடைப்பது இன்னொரு வித்தை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வரைபடத்தையும் பரப்பளவு அட்டவணையையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் தளம் தளமாகக் கூட்டிப் பாருங்கள். கூட்டலில்தான் பெரிய பெரிய விஷயமெல்லாம் மாட்டும்.

ஆனால், சுற்றுச்சூழல் அனுமதி என்றதும் கலெக்டர் முன்னால் மைக் பிடித்துப் பேசும் கருத்துக்கேட்புக் கூட்டத்தை நினைக்காதீர்கள். கட்டடத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது. அனுமதி வழங்கப்பட்டால் 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 90 நாள் தாண்டிப் போனால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் மேல்முறையீட்டை எடுக்க மாட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தைத்தான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்வேன். நம் புறநகர் என்பதே ஏரிகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் முளைத்தது. கிழக்குத் தாம்பரம் பக்கம் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் விழும் மழை அடையாற்றுக்குப் போகிறது. 2015 டிசம்பரில் எங்கே போனது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டுவார்கள். இந்த நிலத்தில் காலியாகக் கிடக்கும் நாலு ஏக்கர் என்றால் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: இவ்வளவு நாள் ஏன் யாரும் மனை போடவில்லை? வழக்குக் காரணமாக இருக்கலாம், குடும்பத் தகராறாக இருக்கலாம், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதாகவும் இருக்கலாம்.

வருவாய்த்துறை இணையதளத்தில் எஃப்.எம்.பி., அதாவது புலப்பட வரைபடம் எடுக்கலாம். ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று சொல்லும் 'அ' பதிவேடும் எடுக்கலாம். நிலத்துக்குள்ளேயோ ஓரமாகவோ வாய்க்கால், ஓடை என்று ஒரு மெல்லிய துண்டு தனி உட்பிரிவு எண்ணோடு போகிறதா பாருங்கள். நேரில் போனால் அது இருக்காது. மேலே மண் அடித்து, தென்னங்கன்று வைத்து, காம்பவுண்டு சுவர் எழுப்பியிருப்பார்கள். காகிதத்தில் இருக்கும். ஏரியின் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) எந்தப் பக்கம், மதகு (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் இடம்) எந்தப் பக்கம் என்று அந்த ஊரில் முன்பு பயிர் வைத்த குடும்பத்துப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். நலச்சங்கக் கூட்டத்துக்கு அவர்களை நாம் கூப்பிடுவதில்லை. 1990களில் மனை வாங்கி வந்த நாம், நாம்தான் ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, சுமார் 1,247 ஹெக்டேர். அந்தத் தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், அதன் தாக்க எல்லையை அறிவியல்பூர்வமாக வரையறுக்கும் வரை திட்ட அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பெரிய பெரிய நிறுவனங்களே அதில் மாட்டி நின்றன. உங்கள் இடம் அந்தத் தூரத்தில் இருக்காது என்று நினைக்கிறேன்; ஆனாலும் வரைபடத்தில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். நிலமே தப்பு என்று தெரிந்தால் மட்டும்தான் 'முழுவதும் நிறுத்து' என்ற கோரிக்கைக்கு உயிர் உண்டு. மற்ற எல்லாவற்றிலும் பேரம்தான்.

அப்புறம் போக்குவரத்து. கூட்டம் முதலில் வந்து, வழி பிறகு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் 30இல் திறந்தார்கள். அப்போது அங்கே புறநகர் ரயில் நிலையம் கிடையாது. பெட்டியும் குழந்தையுமாக ஜனங்கள் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே வருடம் செப்டம்பர் 10ஆம் தேதி பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சி. டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், ஈ.சி.ஆர். ஸ்தம்பித்தது, முதலமைச்சரின் வாகன வரிசையே நெரிசலில் சிக்கியது. ஒரு ராத்திரி நிகழ்ச்சிக்கே அது. உங்கள் வளாகம் வருடம் முழுக்க, தீபாவளி பொங்கல் உட்பட, இயங்கப்போகிறது.

கட்டடம் 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் உயர்மாடிக் கட்டடம் என்று கணக்கு. அப்போது ஃபைல் ஒரு குழுவுக்குப் போகும். போக்குவரத்துக் காவல், தீயணைப்புத் துறை, குடிநீர், உள்ளாட்சி ஆட்களெல்லாம் அதில் உண்டு. தடையின்மைச் சான்றுகள் தனித்தனியாக வேண்டும். உங்கள் பகுதியில் விமானப்படைத் தளமும் இருப்பதால் உயரத்துக்கு அவர்கள் சம்மதமும் கேட்பார்கள். சி.எம்.டி.ஏ.வுக்கு மட்டும் மனு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராமல், இந்த ஒவ்வொரு துறைக்கும் அவரவர் சம்பந்தப்பட்ட ஒரே விஷயத்தை மட்டும் எழுதி, பதிவுத்தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். போக்குவரத்துக் காவலுக்கு ஏரி பற்றி எழுதாதீர்கள். சாலையின் அகலம், பள்ளி விடும் நேரத்தில் நீங்களே ஒரு வாரம் எண்ணிய வண்டிகளின் எண்ணிக்கை, ரயில்வே கேட்டோ சுரங்கப்பாதையோ இருந்தால் அதில் நிற்கும் நேரம், இவ்வளவு போதும்.

தீயணைப்பை எந்தச் சங்கமும் கையில் எடுப்பதில்லை, ஏனோ. 2024 மே 25இல் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டுக்கூடம் எரிந்து குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். தகரக் கொட்டகை, தீயணைப்புத் துறைச் சான்று இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் வளாகத்திலும் குழந்தைகள் கூடம் வரப்போகிறது, அதுவும் மேல் தளத்தில். தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றி வர இடம் இருக்கிறதா, மொட்டை மாடி விழா அரங்கம் அனுமதி வரைபடத்தில் இருக்கிறதா அல்லது திறந்த பிறகு ஷெட் போடப்போகிறார்களா என்று கேளுங்கள். மொட்டை மாடி பெரும்பாலும் இரண்டாவது வகை.

சத்தத்துக்கு 2000ஆம் வருட விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. மூடிய அரங்குக்குள் இரவு பத்துக்குப் பிறகும் ஒலிபெருக்கி வைக்கலாம். ஆனால் அந்தத் தனியார் இடத்தின் எல்லையில் சத்தம், அந்தப் பகுதிக்கான அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. மொட்டை மாடி, மூடிய அரங்கு ஆகாது. இதை இப்போதே நிபந்தனையாக எழுதி வாங்குவது சுலபம். திறந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் நூறுக்கு போன் போட்டுக்கொண்டிருப்பது கஷ்டம்.

மது பற்றி ஒரு நுட்பமான விஷயம். டாஸ்மாக் கடைக்கு, மாநகராட்சிப் பகுதியில் கோயில், பள்ளியிலிருந்து 50 மீட்டர் என்ற தூரக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் வணிகப் பகுதி என்று வகைப்படுத்திய இடத்தில் அந்தக் கட்டுப்பாடு செல்லாது. நில உபயோக மாற்றத்தைச் சும்மா விட்டுவிட்டால் அதோடு இதுவும் போகிறது. விழா அரங்குகள் விஷயத்திலும் கவனம் தேவை: 2023இல் அரசு திருமண மண்டபங்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் என்று கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டது. மாநாடு, விளையாட்டு நிகழ்ச்சிக்கான பகுதியை அப்போது எடுக்கவில்லை.

இனி உங்கள் மனுவைப் பற்றி. நீங்கள் அனுப்பிய நகலில் முதல் பத்தியே 'இளைஞர்கள் கெட்டுப்போவார்கள், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது, வெளியாட்கள் நடமாட்டம் பெருகும்' என்று தொடங்குகிறது. அதைத் தூக்கிவிடுங்கள். சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அது நியாயமும் இல்லை. உங்கள் பிள்ளைகள் சனி ஞாயிறு ரயில் ஏறி வேளச்சேரிக்கும் வடபழனிக்கும் படம் பார்க்கப் போகிறார்கள். அங்கே அவர்கள்தான் வெளியாட்கள். உங்கள் லேஅவுட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் அந்த வளாகத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்கள் கையெழுத்து கேட்டீர்களா? கேட்காமல் போனால், பில்டர் கேட்பார். ஆதரவு மனு என்று 800 கையெழுத்தோடு வந்து நிற்பார். நானே அப்படி ஒன்றைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன்.

நீதிமன்றம் கடைசிப் படி. வெறும் கையோடு போனால், 'மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்கவும்' என்று ஓர் உத்தரவு கிடைக்கும், அதைப் பெரிய வெற்றி என்று வாட்ஸாப்பில் போடுவீர்கள். அதிகாரி ஆறு வாரத்தில் நிராகரித்து ஒரு கடிதம் அனுப்புவார். அஸ்திவாரம் அதற்குள் முடிந்திருக்கும். கட்டி முடித்த பிறகு இடிக்க வைப்பது நடக்காத காரியமில்லை. லக்னோவில் பூங்காவுக்கு அடியில் கட்டிய வணிக வளாகத்தை 1999இல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. ஆனால் நம் ஊர் அனுபவம் வேறு. 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டியவற்றை அபராதம் வாங்கிக்கொண்டு வரைமுறைப்படுத்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு தடவை என்றார்கள். பிறகு 2007 வரை கட்டியவற்றுக்கு இன்னொரு பிரிவு வந்தது. தியாகராய நகரைப் பார்த்தால் மிச்சம் புரியும்.

கவுன்சிலரை விட்டுவிடாதீர்கள். 2022இல் வந்த விதிகளின்படி பகுதி சபா, அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி வாக்காளர்களின் கூட்டம், கூட்ட வேண்டும். திட்ட அனுமதியை நிறுத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது என்றாலும், அதில் நிறைவேறும் தீர்மானம் மாநகராட்சிப் பதிவேட்டில் ஏறும். வழக்கு என்று வந்தால் அது 600 கையெழுத்தைவிடக் கனம்.

என் கணிப்பைக் கேட்டால்: நிலத்தில் வாய்க்காலோ உபயோக மாற்றமோ இல்லை என்றால் வளாகம் வரும். எட்டுத் திரை ஐந்தாகலாம், மொட்டை மாடி அரங்கம் போகலாம், வாசலும் வெளியேறும் வழியும் மெயின் ரோட்டுக்கு மாறலாம், மழைநீரைத் தன் இடத்துக்குள்ளேயே தேக்கும் குளம் ஒன்று வரலாம், கழிவுநீர் உங்கள் தெருக் கால்வாயில் விடப்படாமல் போகலாம். இதெல்லாம் திட்ட அனுமதியில் நிபந்தனையாக எழுத்தில் ஏற வேண்டும், பில்டர் வாய்ச்சொல்லில் இல்லை. ஏறினால், பணிநிறைவுச் சான்று கேட்டு வரும் நாளில் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும். அந்தச் சான்று இல்லாமல் இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு மின் இணைப்பு தரக்கூடாது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதைத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பார்க்கிங் என்று காட்டிய அடித்தளத்தில் கடை கட்டியிருந்தால் அன்றைக்குத்தான் மாட்டுவார்கள், ஃபோட்டோ எடுத்து அனுப்ப ஆள் இருந்தால்.

சர்வே எண் கிடைத்ததும் எழுதுங்கள், எஃப்.எம்.பி.யை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். அதற்கு முன் சாலையை அளந்துவிடுங்கள். முப்பது மீட்டர் டேப், இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. வளாகத்து வாசலில் தொடங்கி மெயின் ரோடு சேரும் வரை, ஒவ்வொரு இருபது அடிக்கும் ஒரு தடவை. டிரான்ஸ்ஃபார்மர், கோயில் மேடை, யாராவது படிக்கட்டை வெளியே நீட்டியிருக்கும் வீடு, எல்லா இடத்திலும் கட்டாயம் அளக்க வேண்டும். அந்தப் படிக்கட்டு சங்கத் தலைவர் வீட்டுடையதாக இருந்தால், மனு கொடுப்பதற்கு முன் அதை அவரே இடித்துவிடுவது நல்லது.